நாற்பது ஜிபியில் என் பங்கு

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். இதில் எழுதப்போவதும் ஒரு கோபத்தைப் பற்றித்தான். முதலில் அது ஒரு கேம் பெட்டியின் மேல் வந்த கோபம். அப்புறம் அது எங்கெங்கோ போனது. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் ஆறவில்லை. ஆற வைக்கும் எண்ணமும் எனக்கு இல்லை.

கல்யாணமாகி முடிச்சூருக்கு வந்த அடுத்த வருஷம், இரண்டாயிரத்து எட்டில், என் கணவர் ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் வெளிநாடு போய்விட்டு வந்தார். வரும்போது மாமியாருக்கு ஒரு ஸ்வெட்டர், எனக்கு ஒரு சென்ட் பாட்டில், தனக்கும் தன் தம்பிக்குமாக அந்தக் கறுப்புப் பெட்டி. முடிச்சூர் வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று மாமியார் கேட்கவில்லை. நானும் சென்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி ஹாலில் டிவிக்குக் கீழே உட்கார்ந்தது. அண்ணனும் தம்பியும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். கொழுந்தன் அப்போது வண்டலூர் பக்கம் ஒரு காலேஜில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான்.

பெட்டிக்குள் இருந்த ஹார்டு டிஸ்க் நாற்பது ஜிபி. அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது. அதில் ஒரு பங்கைப் பெட்டி தனக்கென்று எடுத்துக்கொண்டு மீதியைத்தான் நமக்கு விட்டது. அதுவும் போகட்டும். எனக்குத் தெரிந்த கேமெல்லாம் அதுவரை டிஸ்க்கைப் போட்டால் ஓடும், எடுத்தால் நிற்கும். இந்தப் பெட்டியில் டிஸ்க்கைப் போட்டதும் 'இன்ஸ்டால் செய்ய வேண்டும், ஐந்து ஜிபி இடம் வேண்டும்' என்று திரையில் வரும். வேண்டாம் என்றால் விளையாட முடியாது. சரி என்று அரைமணி நேரம் காத்திருந்து ஏற்றிய பிறகாவது டிஸ்க் இல்லாமல் ஓடுமா? ஓடாது. டிஸ்க்கும் உள்ளே இருக்க வேண்டும், ஐந்து ஜிபியும் போக வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பொருளை வைத்து விளையாட அந்தப் பொருளுக்கே குடியிருக்க இடமும் நாம்தான் கொடுக்க வேண்டுமாம். இதைக் கண்டுபிடித்தவனை முன்னால் நிறுத்தி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். இப்படி ஒன்று என் மேஜைக்கு வந்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

போதாததற்குக் கரண்ட் வேறு. அந்த வருஷம் எங்கள் பக்கம் பகலில் இரண்டு மணி நேரம் கட் என்பது அறிவித்த கணக்கு. அறிவிக்காத கட் அதற்கு மேல். இன்ஸ்டால் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடங்காது. மறுபடியும் பூஜ்யத்திலிருந்துதான். எழுபது சதவீதத்தில் ஃபேன் நின்றுபோய் அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் "ஐயோ" என்று கத்தியதைக் கேட்டு நான் சமையலறையில் சிரித்திருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு அது வேடிக்கைதான், ஏனென்றால் நான் விளையாட ஆரம்பித்திருக்கவில்லை.

கர்ப்பமாகி நாலாம் மாதத்தில் டாக்டர் என்னைப் படுக்கையில் இருக்கச் சொன்னார். வேலைக்குப் போகக்கூடாது, படி ஏறக்கூடாது, பஸ்ஸில் போகக்கூடாது. சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். மாமியார் சாப்பாடானதும் இரண்டு மணிக்குப் படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுவார். அந்த இரண்டு மணி நேரம் ஹாலும் டிவியும் எனக்கு மட்டும். கணவர் ஒரு கேமை வாங்கி, இரண்டு நாள் ஆடிவிட்டு, "இதுல சண்டையே இல்ல, போர்" என்று மூலையில் போட்டிருந்தார். அதை எடுத்துப் போட்டேன்.

ஒரு பெண் சின்னப் படகில் தனியாகக் கிளம்புவாள். பதினாலு தீவு. எந்தத் தீவுக்கும் வழி தெரியாது. போகப்போக வரைபடம் தானாக வரையப்படும். எங்கே பாறை, எங்கே நல்ல தண்ணீர், எங்கே காற்று திரும்புகிறது என்று நாமே குறி வைத்துக்கொள்ளலாம். எனக்குப் படிக்கட்டு இறங்க அனுமதியில்லாத அந்த நாட்களில் நான் கடலில் இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வாந்தியும் தலைசுற்றலும், வருகிறவர் போகிறவரெல்லாம் என் வயிற்றைப் பார்த்துப் பையனா பெண்ணா என்று சொல்லும் ஜோசியமும் போக, என்னுடையது என்று அந்த நாட்களில் இருந்தது அந்த வரைபடம் ஒன்றுதான்.

ஆனால் நாற்பது ஜிபி மூன்று பேருக்குப் போதுமா? மாதத்துக்கு ஒரு புது கேம் வந்தது. ஒவ்வொன்றும் நாலு ஜிபி, ஐந்து ஜிபி என்று கேட்டது. புதிது ஒன்று உள்ளே வரவேண்டுமென்றால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். எது போவது என்று அண்ணனும் தம்பியும் ஹாலில் பேசுவது எனக்கு உள்ளறையில் கேட்கும். கொழுந்தனின் கார் ரேஸ் போகக்கூடாது, பாதியில் இருக்கிறது. கணவரின் ஃபுட்பால் போகவே கூடாது, சீசன் நடக்கிறது. கடைசியில் "அண்ணி கேமைத் தூக்கிடலாம்" என்பான். "சரி, அவ அட்ஜஸ்ட் பண்ணிப்பா" என்பார் இவர்.

அட்ஜஸ்ட். அந்த வீட்டில் எனக்குப் புழங்கக் கிடைத்த சொல் அது. பீரோவில் எனக்குக் கடைசித் தட்டு, அட்ஜஸ்ட். கூடுவாஞ்சேரியிலிருந்து என் அம்மா வந்தால் ஹாலில் பாய், அட்ஜஸ்ட். குளிக்கும் முறையில் நான் நாலாவது, அட்ஜஸ்ட். யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. ஒருவரும் என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அதனாலேயே யாரிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.

முதல் தடவை அவர்கள் என் கேமைத் தூக்கியபோது பதறிப்போய்ப் பார்த்தேன். நல்லவேளை, போனது இன்ஸ்டால் மட்டும். பெட்டியில் இரண்டு பட்டியல் உண்டு. ஒன்றில் டிஸ்க்கிலிருந்து ஏற்றிய கேம்கள். அவைதான் ஜிபி கணக்கில் இடத்தை அடைப்பவை, போனால் டிஸ்க்கைப் போட்டு மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இன்னொன்றில் சேவ்கள், அதாவது நாம் எதுவரை ஆடினோம் என்கிற குறிப்பு. அது போனால் போனதுதான். ஆனால் அது அடைக்கும் இடம் ஒன்றுமே இல்லை. நான் கொழுந்தனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்வதுபோல் இரண்டு பட்டியலையும் காட்டினேன்.

"இதைத் தூக்கிக்கோ, பரவாயில்ல. நான் திரும்ப ஏத்திக்கறேன். இதை மட்டும் தொடாத. இது ஒரு போட்டோ அளவுகூட இல்ல."

"ஓகே அண்ணி" என்றான், செல்லைப் பார்த்துக்கொண்டே.

அப்புறம் பலமுறை தூக்கினார்கள். பலமுறை நான் மதியத்தில் அரைமணி நேரத்தைத் தின்னக் கொடுத்து மறுபடி ஏற்றினேன். கரண்ட் போய் அந்த அரைமணியும் வீணான நாட்கள் உண்டு. தூங்குகிற மாமியாரை எழுப்பக்கூடாதே என்று வாய்க்குள்ளேயே எல்லோரையும் திட்டித் தீர்ப்பேன். பெட்டியைச் செய்தவர்கள், மின்சார வாரியம், என்னைக் கட்டிக்கொண்டவர், அவர் தம்பி. அந்த வரிசையில்தான்.

பெரிய ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி மாட்டினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆறாம் மாதம் டாக்டர் கொஞ்சம் நடக்கலாம் என்றதும் செக்கப் முடிந்து வரும் வழியில் ஆட்டோவை மேற்குத் தாம்பரத்தில் நிறுத்தச் சொன்னேன். மார்க்கெட் பக்கத்துச் சந்தில் கேம் டிஸ்க்கும் செல்ஃபோன் கவரும் விற்கிற கடை. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார்.

"இன்னாக்கா, வூட்ல யாருக்கு?"

"எனக்குத்தான்."

"பெரிய டிஸ்க் போடலாம்க்கா, இல்லேன்னு சொல்லல. அத்தத் தொறந்தா வாரன்டி பூடும். அப்பால பேஜாராயிடும். வூட்ல அண்ணன் இருந்தா இட்டுகினு வாங்க, நான் அவராண்ட சொல்றேன்."

ஒரு திருகைக் கழற்றி டிஸ்க்கை இழுக்க எனக்குத் தெரியும். அதை வீட்டு அண்ணனிடம்தான் சொல்வாராம். வந்த கோபத்தில் அங்கேயே கத்தியிருப்பேன், மூச்சு வாங்கியதால் விட்டேன். வீட்டில் கேட்டதற்கு என் கணவர் என் தலையைத் தடவி, "பாப்பா வரப்போற நேரத்துல இதெல்லாம் எதுக்கு, இருக்கறத வச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார்.

கார்த்திகையில் வளைகாப்பு. பக்கத்து மனைகளிலெல்லாம் தண்ணீர் நின்றிருந்தது, அதற்கு நடுவே பந்தல். வளைகாப்பு முடிந்த கையோடு நான் கூடுவாஞ்சேரிக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு முன் பதின்மூன்று தீவை முடித்துவிட்டேன். ஒன்றுதான் பாக்கி. வளைகாப்புக்கு முதல் நாள் மதியம் உட்கார்ந்து முடித்துவிடுவது என்று ஒரு வாரமாகத் திட்டம்.

முதல் நாள் மதியம் கொழுந்தன் காலேஜ் போகவில்லை. பந்தல்காரர்களைப் பார்த்துக்கொள்ள இருக்கிறேன் என்று வீட்டில் இருந்தான். புது கேம் ஒன்றைப் போட்டு இன்ஸ்டால் கொடுத்திருந்தான். நான் வந்து நின்றபோது இருபது சதவீதம். "இதோ முடிஞ்சிடும் அண்ணி" என்றான். எண்பதில் கரண்ட் போனது. வந்ததும் மறுபடி பூஜ்யம். அது முடிவதற்குள் மாமியார் எழுந்துவிட்டார், சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள், கடைசித் தீவு அப்படியே நின்றது.

அன்று சாயங்காலம் நான் ஒன்று கேட்டேன். பெட்டியை என்னோடு கூடுவாஞ்சேரிக்கு எடுத்துப் போகிறேனே, ஒரு வாரத்தில் யாராவது வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று. என் கணவர் சிரித்தே விட்டார். மாமியார் சிரிக்கவில்லை.

"கை நிறைய வளையல் போட்டுக்கிட்டு பொறந்த வீட்டுக்குப் போற பொண்ணு இதையா தூக்கிட்டுப் போவா? நாலு பேர் பார்த்தா என்ன சொல்லுவாங்க?"

நான் விட்டுவிட்டேன். இதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் உண்டு. "என் சேவைத் தொடக்கூடாது" என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

தை மாதக் கடைசியில் மகள் பிறந்தாள். ஐந்தாம் மாதத்தில் குழந்தையோடு புகுந்த வீட்டில் கொண்டுவிடுவது எங்கள் பக்கம் வழக்கம். ஆடி பிறந்தால் கூடாது, அதனால் ஆனியிலேயே அழைத்துவந்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். நான் அம்மா வீட்டில் இருந்த ஏழு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தோறும் என் கணவர் வருவார், மற்ற நாள் ஃபோன் செய்வார். பேச்சுவாக்கில் நான் கேட்பேன்: "என் கேம் இருக்கா?" "இருக்கு, இருக்கு" என்பார். தையல் வலியும் பால்கட்டும் தூக்கமின்மையுமாகக் கிடந்த நாட்களில், போனதும் ஒரு மதியம் அந்தத் தீவை முடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் தாய்க்கு இதுவா நினைப்பு என்பார்கள்.

முடிச்சூர் வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. குழந்தை தூங்கியது. நான் டிஸ்க்கைத் தேடியெடுத்துப் போட்டேன். இன்ஸ்டால் இல்லை, அது எதிர்பார்த்ததுதான். சேவ் பட்டியலைத் திறந்தேன். கார் ரேஸ் இருந்தது. ஃபுட்பால் இருந்தது. கொழுந்தனின் கேம்கள் ஏழெட்டு, அவன் எப்போதோ விட்டுவிட்டவைகூட, இருந்தன. என்னுடையது இல்லை.

மேலும் கீழுமாக மூன்று முறை பார்த்தேன். வேலைப் பழக்கத்தில் தேதிகளையும் பார்த்தேன். எனக்குத் தெரியாத ஒரு கேமின் முதல் சேவ், நான் அம்மா வீட்டுக்குப் போன ஒன்பதாம் நாள். அன்றைக்குத்தான் இடம் போதாமல் போயிருக்கிறது. அதற்கப்புறம் அத்தனை மாதமும் எனக்குக் கிடைத்த "இருக்கு, இருக்கு" எல்லாம் பொய்.

"யார் அழிச்சது?" என்று கேட்டேன். ஹாலில் மூன்று பேரும் இருந்தார்கள். என் குரலில் மாமியார் பேப்பரைக் கீழே வைத்தார்.

"அண்ணி, இடம் இல்ல. புது கேம் அஞ்சு ஜிபி கேட்டுச்சு" என்றான் கொழுந்தன்.

"இன்ஸ்டாலை எடுத்துக்கோன்னுதானே சொன்னேன். சேவை ஏன் எடுத்த?"

"ரெண்டையும் சேர்த்து எடுத்துட்டேன். பாப்பா பொறந்தாச்சுன்னா நீங்க இனிமே எங்க அண்ணி விளையாடப்போறீங்கன்னு..."

"நான்தான் சரின்னு சொன்னேன்" என்றார் என் கணவர். "சொன்னா அங்க உட்கார்ந்து வருத்தப்படுவேன்னு சொல்லல. ஒரு கேம்தானே, விடு. முதல்லேர்ந்து ஆடிக்கலாம்."

"கைக்குழந்தைய வச்சுக்கிட்டு கேமுக்கா சண்டை?" என்றார் மாமியார்.

அவன் ஒரு முழு கேமை அழித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. என்னுடையது இடத்தையே அடைக்கவில்லை. அவன் அந்தப் பெட்டியில் ஏற்றி வைத்திருந்த ஒரு பாட்டு அதைவிடப் பல மடங்கு பெரிது. யாருக்கும் தொந்தரவில்லாமல் ஒரு மூலையில் கிடந்ததை, இனி இவளுக்கு வேண்டியிருக்காது என்று அவர்களே முடிவு செய்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். குழந்தை பிறந்த அன்றைக்கு அல்ல. பிறப்பதற்கு முன்னாலேயே, நான் வாசலைத் தாண்டிய ஒன்பதாம் நாளே.

கன்ட்ரோலர் என் கையில் இருந்தது. பட்டியலில் ஃபுட்பாலுக்கு வந்து நின்றேன். ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் நடத்திவந்த சீசன். எந்த ஆட்டக்காரரை எப்போது வாங்கினார், எந்தக் கோப்பையை எப்படி ஜெயித்தார் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அழி என்று கொடுத்தேன். நிச்சயமாகவா, ஆமா இல்லையா என்று பெட்டி கேட்டது.

என்னுடையதற்கும் இதே கேள்வியை அது கேட்டிருக்கும். ஒருவர் படித்துப் பார்த்துத்தான் ஆமாம் என்று அழுத்தியிருக்க வேண்டும்.

"ஏய், ஏய், என்ன பண்ற?" என்று எழுந்துவிட்டார். "உனக்கு இடம் வேணும்னா இன்ஸ்டாலை எடு. சேவை ஏன் அழிக்கற? அது இடத்தையே அடைக்கலையே!"

"தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

கொழுந்தன் தரையைப் பார்த்தான். நான் ஆமாம் என்று அழுத்தினேன். ஒரு விநாடிகூட ஆகவில்லை, போய்விட்டது. கேவலமான காரியம், பழிக்குப் பழி, படித்தவள் செய்வதா என்று அப்புறம் பலர் கேட்டார்கள். வருத்தப்பட்டேனா என்றால் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் இல்லை.

பிறகு கொழுந்தனின் கார் ரேஸ் இன்ஸ்டாலைத் தூக்கினேன். அவன் சேவைத் தொடவில்லை. உள்ளே இருந்த என் டிஸ்க்குக்கு இன்ஸ்டால் கொடுத்தேன். அந்தப் பாழாய்ப்போன பட்டை திரையில் நகர ஆரம்பித்தது.

பதினைந்து சதவீதத்தில் உள்ளே குழந்தை அழுதது. பால் கொடுத்து அரைமணிகூட ஆகவில்லை, நனைத்திருப்பாள். மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் விளையாடிட்டிருக்கேன்" என்றேன்.

விளையாட்டு தொடங்கக்கூட இல்லை. அது அவர்களுக்கும் தெரியும். அழுகை ஏறியது. மார்பு கனத்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனாலும் சோபாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். மாமியார் எழுந்திருக்கப் போனார். என் கணவர் அவரைக் கையால் தடுத்துவிட்டு உள்ளே போனார். தொட்டிலின் கயிறு உரசும் சத்தம் கேட்டது. அவர் குழந்தையிடம் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. பிறகு குரல் கொடுத்தார்.

"மாத்துத்துணி எங்க இருக்கு?"

"தேடுங்க" என்றேன்.